மாத்திரையோடு யோகாவும் கோயிலும்: மனநல சிகிச்சை பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊரில் மனநோய் உள்ளவர்களின் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது வழக்கம். டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிற கேள்விகள் எல்லாம் அங்கேதான் வெளியே வரும். வருகிற ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை, அதனால் அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிற ஆள். மாத்திரையின் அளவை மாற்றுவது பற்றி இங்கே எதுவும் இருக்காது, அதை எழுதிக் கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

"ஹோலிஸ்டிக்", "இன்டக்ரேட்டிவ்"னு இப்ப எல்லா இடத்துலயும் போர்டு தொங்குதே, அப்படின்னா என்ன?

ஒரு ஆளுக்கு என்ன நோய் என்று மட்டும் பார்க்காமல் அவர் எப்படித் தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறாரா, வீட்டில் சண்டையா, சாமி கும்பிடுகிறவரா என்பது வரைக்கும் பார்த்து, மாத்திரை, ஆலோசனை, உடற்பயிற்சி, யோகா என்று அவருக்குத் தேவையானதை ஒரே திட்டத்தில் சேர்ப்பது. நல்ல மனநல மருத்துவர்கள் போர்டு இல்லாமலேயே பல காலமாகச் செய்துவருவதுதான்.

போர்டு வைத்திருக்கிற எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: போனவுடன் பழைய மருந்துச் சீட்டைக் கேட்கிறார்களா? கேட்டுப் படித்துவிட்டு "இதோடு இதையும் செய்யலாம்" என்றால் அது சேர்ப்பது. "அந்த இங்கிலீஷ் மருந்தைத் தூக்கிப் போடுங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்றால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை விற்கிறார்கள், அவ்வளவுதான்.

ரெண்டு மாசமா மனசே சரியில்லை. டாக்டர்கிட்ட போகணுமா, யோகா கிளாஸ் போனா போதுமா?

எவ்வளவு சரியில்லை என்பதைப் பொறுத்தது. வேலைக்குப் போகிறீர்கள், சாப்பிடுகிறீர்கள், ஆனால் எதிலும் பிடிப்பில்லை என்றால் நடைப்பயிற்சி, யோகா, ஒரு நல்ல ஆலோசகரிடம் பேசுவது என்று ஆரம்பிக்கலாம், பலருக்கு அதுவே போதும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, குளிக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

காதில் குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற சந்தேகம், நாள்கணக்கில் தூங்காமல் இருந்தும் களைப்பே இல்லாமல் பணத்தை வாரி இறைப்பது, சாக வேண்டும் என்ற எண்ணம், இதில் எது இருந்தாலும் யோகா வகுப்பு பிறகுதான், முதலில் மருத்துவர்.

சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர்... யார் யாருன்னே புரியலை. எங்க போறது?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுகிறவர் அவர்தான். மருத்துவ உளவியலாளர் சோதனைகள் செய்வார், பேச்சு வழியாக சிகிச்சை தருவார், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பில்லை. "கவுன்சிலர்" என்ற பெயரை மட்டும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள், அங்கே கொஞ்சம் விசாரித்துப் போங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சித்தாவில் சிறப்பு மருத்துவம் என்ற பிரிவில் மேற்படிப்பு முடித்தவரையும் மனநல வல்லுநர் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதிக்கும் இதேபோல் குறிப்பிட்ட மேற்படிப்புகள் உண்டு. எனவே சித்தா பக்கம் போவதென்றால் இந்தப் படிப்பு படித்தவரைத் தேடிப் போங்கள், தொலைக்காட்சியில் காலையில் பேசுகிறவரை அல்ல.

மனசு சரியில்லைன்னு போனா ரத்தம் எடுக்கச் சொல்றாங்க. மனசுக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம். தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு மாதிரியே சோர்வும் மந்தமும் வரும், கூடினால் படபடப்பு வரும். பி12 குறைபாடு மறதியிலிருந்து மனக்குழப்பம் வரை கொண்டுபோகும், அது சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். ரத்தசோகையும் அப்படித்தான். இவற்றைப் பார்க்காமல் மாத்திரை கொடுத்தாலும் சரி, லேகியம் கொடுத்தாலும் சரி, பாதி வேலைதான். போர்டு இல்லாத "ஹோலிஸ்டிக்" இதுதான் என்பேன்.

இந்த மாத்திரை ஒருதடவை ஆரம்பிச்சா ஆயுசு முழுக்க விட முடியாதாமே?

எந்த மாத்திரை என்று தெரியாமல் இதற்குப் பதில் இல்லை. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் மாதிரியான மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யவே இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம்கூட. குணமான பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் எல்லாம் வரும். ஆனால் அது சாராயம் மாதிரி இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று இழுக்கிற பழக்கம் இல்லை.

பழக்கம் பிடிக்கிற மாத்திரைகள் வேறு. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற அல்பிரசோலம், குளோனசிபாம் போன்றவை. அவசரத்துக்குக் கொஞ்ச நாள் கொடுப்பார்கள், பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் நாமாகவே மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டால் விடுவது கஷ்டம். அப்புறம், இருதுருவ நோய் (பைபோலார், மனம் அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போவது), மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா, இல்லாத குரல் கேட்பது, சந்தேகம் மாதிரி) இருப்பவர்களில் பலருக்கு நீண்ட காலம் மருந்து தேவைப்படும் என்பது உண்மைதான். சர்க்கரைக்குப் போட்டால் கேள்வி கேட்காத நாம் இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பதறுகிறோம் என்று தெரியவில்லை.

யோகா நிஜமாவே உதவுதா, இல்ல நம்ம ஊர் சரக்குங்கறதால பெருமைக்குச் சொல்றாங்களா?

பெருமைக்குச் சொல்வதும் இருக்கிறது, உதவுவதும் இருக்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் பி.என். கங்காதர் போன்ற மனநல மருத்துவர்களே பல ஆண்டுகள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மனச்சோர்வில் நல்ல பலன் உண்டு. மனச்சிதைவில், மருந்தோடு சேர்த்துச் செய்தால், மருந்து அவ்வளவாகத் தொடாத இடத்தில் உதவுகிறது: யாரிடமும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருப்பது, எதிலும் ஆர்வமில்லாமை மாதிரியான அறிகுறிகளில். மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு சேர்த்து.

தியானத்துக்கும் ஆதாரம் உண்டு. பதற்ற நோய் உள்ள 276 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. ஒரு குழுவுக்கு எட்டு வாரம் மனக்கவனத் தியானப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு எஸ்சிடலோபிராம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. இதைச் சொன்னவுடன் "அப்ப மாத்திரை வேண்டாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் குழு வாரம் ஒரு நீண்ட வகுப்புக்குப் போய், வீட்டிலும் தினம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தது. அது பதற்றத்துக்கு நடந்த ஆய்வு, மனச்சிதைவுக்கு அல்ல.

தியானத்துல என்ன ஆபத்து இருக்கப்போகுது? என் தம்பி பத்து நாள் மௌன முகாமுக்குப் போறேங்கறான்.

தம்பிக்கு முன்பு எப்போதாவது மனச்சிதைவோ இருதுருவ நோயோ வந்திருந்தால் அனுப்பாதீர்கள். யாரிடமும் பேசாமல், தூக்கம் குறைந்து, நாள் முழுக்கக் கண்மூடி உட்கார்ந்திருப்பது சிலருக்கு நோயைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். முகாம் நடத்துகிறவர்களுக்கே இது தெரியும், அதனால்தான் பொறுப்பான இடங்களில் விண்ணப்பத்திலேயே மனநோய் உண்டா என்று கேட்கிறார்கள். இடம் கிடைக்காதோ என்று பயந்து அங்கே "இல்லை" என்று எழுதுகிற குடும்பங்கள் உண்டு. கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமாக மூச்சு விடுகிற பயிற்சிகளும் வலிப்பு உள்ளவர்களுக்கும் மனம் கட்டுக்கடங்காமல் துள்ளுகிற நிலையில் இருப்பவர்களுக்கும் வேண்டாம்.

தினம் இருபது நிமிடம் மெதுவான ஆசனம், மூக்குத் துளைகளில் மாறி மாறி மெதுவாக மூச்சு விடுகிற நாடிசுத்தி, சொல்லிக் கொடுப்பவருக்கு நோய் என்ன என்று தெரிந்திருப்பது. தம்பிக்கு இப்போதைக்கு இது போதும்.

சித்த மருந்தையும் இங்கிலீஷ் மருந்தையும் சேர்த்துச் சாப்பிடலாமா? அரை மணி நேரம் இடைவெளி விட்டா ஒண்ணும் ஆகாதுன்னாங்க.

அரை மணி நேர இடைவெளி வயிற்றுக்குத்தான், ரத்தத்தில் இரண்டும் சந்தித்துக்கொள்ளத்தான் செய்யும். சேர்க்கலாமா கூடாதா என்பது எந்த மருந்தோடு எதைச் சேர்க்கிறோம் என்பதில் இருக்கிறது. அமுக்கரா சூரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அசுவகந்தா என்று ஆன்லைனில் மாத்திரையாகவும் விற்கிறது. மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் ஓரளவு உதவுகிறது என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் தைராய்டு அளவைக் கூட்டும், அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கும், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். மனச்சோர்வுக்கு என்று ஆன்லைனில் வருகிற செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற வெளிநாட்டு மூலிகை இன்னும் மோசம். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோகலாம், கருத்தடை மாத்திரையின் வேலையையும் கெடுக்கும்.

இருதுருவ நோய்க்குக் கொடுக்கிற லித்தியம் சாப்பிடுகிறவர்கள் இதைத் தனியாகப் படியுங்கள். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். இயற்கை மருத்துவ முகாமில் உப்பில்லாத உணவு, பட்டினி, நீராவிக் குளியல் என்று நல்ல எண்ணத்தோடுதான் கொடுப்பார்கள், லித்தியம் சாப்பிடுகிறவருக்கு அதுவே விஷமாகிவிடும். சிறுநீரைப் பெருக்குகிற கஷாயங்களும், மெடிக்கலில் நாமே கேட்டு வாங்குகிற டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளும் அப்படியே. கை நடுக்கம் கூடுவது, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, இவற்றைக் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சுருக்கமாக, பெயர் எழுதாத பொட்டலப் பொடி வேண்டாம். என்ன மருந்து என்று எழுதித் தருகிற சித்த மருத்துவரிடம் வாங்குங்கள், அந்தச் சீட்டை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள், இவருடைய சீட்டை அவரிடம் காட்டுங்கள்.

மூலிகைதானே? அதுல எப்படி பக்கவிளைவு வரும்?

சர்ப்பகந்தி கதையைக் கேளுங்கள். வடக்கே பல காலமாகப் பித்துக்குக் கொடுத்துவந்த வேர். 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அது மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் வேலை செய்கிறது என்று எழுதினார்கள். 1952இல் சீபா என்ற மருந்து நிறுவனம் அதிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது, 1954இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை அறிவித்தார். இன்றைய மனநோய் மருந்துகளின் ஆரம்ப வரிசையில் நம் நாட்டு வேர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் அதே ரெசர்பின் ரத்த அழுத்தத்தை அளவுக்கு மேல் இறக்கியது, அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்ததாகவும் மருத்துவர்கள் எழுதினார்கள். வேறு மருந்துகள் வந்தவுடன் மனநோய்க்கு அதைக் கொடுப்பது குறைந்துபோனது. வேலை செய்கிற எதுவும் வேண்டாத இடத்திலும் வேலை செய்யும், வேரானாலும் சரி, மாத்திரையானாலும் சரி.

சாப்பாட்டை மாத்தினா டிப்ரஷன் போயிடும்னு வீடியோவுல சொல்றாங்களே?

போய்விடும் என்பது அதிகம், உதவும் என்பது சரி. 2017இல் ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பன்னிரண்டு வாரம் காய்கறி, பருப்பு, மீன், முழுதானியம் என்று உணவை மாற்றிக்கொண்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு நோய் அடங்கியது. பேச்சுத்துணை மட்டும் கிடைத்த குழுவில் அது நூற்றுக்கு எட்டுப் பேர்தான். ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையிலும் இருந்தார்கள் என்பதை வீடியோவில் சொல்ல மாட்டார்கள். நமக்கு அந்த ஊர் ஆலிவ் எண்ணெய் வேண்டாம், கீரை, பயறு, மத்தி மீன், கம்பு போதும்.

இன்னொரு காரணத்துக்காகவும் சாப்பாடு முக்கியம். மனச்சிதைவுக்குக் கொடுக்கிற ஓலன்சபின் மாதிரி மருந்துகள் பசியைக் கிளப்பி எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை விடுகிறவர்கள் ஏராளம். விடுவதற்கு முன் எடையைக் காட்டி டாக்டரிடம் கேளுங்கள், மாற்று மருந்து இருக்கலாம்.

குணசீலத்துல ஒரு மண்டலம் தங்க வைக்கச் சொல்றாங்க. மூடநம்பிக்கைன்னு பெரியவன் கத்துறான். போகலாமா?

மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம். திருச்சி பக்கம் குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் 48 நாள் தங்குவது பழைய வழக்கம், பூஜை முடிந்து முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். இப்போது அங்கே மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது.

கோயிலில் தங்கினால் ஏதாவது ஆகுமா என்று நிம்ஹான்ஸ் ஆய்வாளர்களே ஒருமுறை பார்த்திருக்கிறார்கள். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைக் கவனித்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத்தில் அறிகுறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே விசேஷமான பேயோட்டும் சடங்கு எதுவும் கிடையாது. யாரும் மிரட்டாத, விரட்டாத இடம், கூட ஒரு சொந்தக்காரர், கோயிலைச் சுத்தம் செய்வது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி சின்னச் சின்ன வேலைகள். சிறிய ஆய்வு, ஒப்பிட வேறு குழு இல்லை, அதனால் இதை வைத்துக் கொடி பிடிக்க முடியாது. ஆனாலும் அந்த அமைதியில் பாதியாவது நம் வீடுகளில் இருக்கிறதா என்று பெரியவனையும் சேர்த்தே கேட்கத் தோன்றுகிறது.

அப்ப ஏர்வாடி? அங்க சங்கிலி போட்டுத்தானே வெச்சிருந்தாங்க?

2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. தர்காவுக்கு வேண்டுதலோடு வந்தவர்களைப் பணம் வாங்கிக்கொண்டு அடைத்துவைத்த இடம் அது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மேலே சொன்ன 2017 மனநலச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. கோயிலோ தர்காவோ தேவாலயமோ ஆசிரமமோ, சங்கிலி, பிரம்பு, பட்டினி, மிளகாய்ப் புகை இவற்றில் எதைப் பார்த்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அதே ஏர்வாடியில் பிறகு அரசு தர்காவோடு சேர்ந்து மருந்தும் துஆ என்ற பிரார்த்தனையும் ஒன்றாகக் கிடைக்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. குஜராத்தில் மீரா தாதார் தர்காவிலும் இதுபோல நடக்கிறது. ஓதுகிறவர் ஓதிவிட்டு "டாக்டரையும் பார்த்துட்டுப் போங்க" என்கிறார். நம் சொல்லைக் கேட்காத குடும்பம் அவர் சொல்லைக் கேட்கும்.

மாமியார் செய்வினைன்னு ஒரே பிடியா நிக்கிறாங்க. டாக்டர்ங்கற பேச்சையே எடுக்க முடியலை.

செய்வினை உண்டா இல்லையா என்ற வாதத்துக்குள் போகாதீர்கள், அதில் நீங்கள் ஜெயித்ததாகச் சரித்திரம் இருக்காது. "அத்தை, பரிகாரம் நீங்க பாருங்க, அதுவரைக்கும் அவருக்குத் தூக்கம் வரணுமே, தூக்கத்துக்கு மட்டும் டாக்டரைப் பார்த்துட்டு வந்துடறோம்" என்று ஆரம்பித்த வீடுகளில் வேலை நடந்திருக்கிறது. அது பொய்யும் இல்லை, தூக்கம்தான் பெரும்பாலும் முதலில் கெடுவது. பரிகாரச் செலவு நகையை அடகு வைக்கிற அளவுக்குப் போனால் மட்டும் வாயைத் திறங்கள்.

கோடங்கிகிட்ட போனதை டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரே?

சிலர் திட்டுவார்கள், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் சொல்லுங்கள். உள்ளே என்ன குடிக்கக் கொடுத்தார்கள், எத்தனை நாள் மாத்திரை நிறுத்தியிருந்தது என்று தெரியாமல் அவர் அளவைக் கூட்டினால் அடி நமக்குத்தான். லித்தியம் பற்றி மேலே சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் திட்டுகிற டாக்டராக இருந்தால் டாக்டரை மாற்றுங்கள், சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்னு சொந்தத்துல சொல்றாங்க...

ஆகாது. மறைத்துச் செய்கிற கல்யாணத்தில் முதலில் நிற்பது மாத்திரைதான், புது வீட்டில் எடுத்தால் தெரிந்துவிடுமே என்று. அங்கிருந்து எல்லாம் சரியும். சொல்லிச் செய்த கல்யாணங்கள் நன்றாக நடப்பதையும் பார்த்திருக்கிறேன். பெண்ணுக்கு வால்ப்ரோயேட் (இருதுருவ நோய்க்கும் வலிப்புக்கும் கொடுக்கிற மருந்து) கொடுத்துக்கொண்டிருந்தால் குழந்தைப் பேச்சு வருவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள், கருவுக்குக் கெடுதல் செய்கிற மருந்து அது, மாற்றுவதற்கு நேரம் வேண்டும்.

பையன் யோகாவுக்கு மட்டும் ஒழுங்கா வர்றான், மாத்திரை தொட மாட்டேங்கறான். சாம்பார்ல கலந்து கொடுக்கலாமா?

கலக்காதீர்கள். ஒருநாள் தெரிந்துவிடும், அன்றைக்கு மாத்திரை மட்டுமில்லை, நீங்கள் சமைக்கிற சாப்பாடும் போய்விடும். ஏற்கெனவே சந்தேகம் உள்ளவனுக்கு அவன் சந்தேகப்பட்டது சரி என்று நாமே நிரூபித்த மாதிரி.

யோகாவுக்கு வருகிறான் அல்லவா, அது நல்ல கதவு. ஏன் மாத்திரை வேண்டாம் என்று கேளுங்கள்: பகலில் தூக்கமா, எடையா, ஆண்மை பற்றிய பயமா? இளைஞர்கள் கடைசியாகச் சொன்னதை வீட்டில் சொல்லவே மாட்டார்கள், யோகா சொல்லிக் கொடுப்பவரிடம் சொல்லலாம். அதற்கேற்ப மருந்தை மாற்ற முடியும், மாதம் ஒருமுறை போடுகிற ஊசியும் உண்டு. எதற்கும் சம்மதிக்காமல் தனக்கோ மற்றவருக்கோ ஆபத்தாகிற நிலை வந்தால், நியமனப் பிரதிநிதி (நோயாளியின் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர்) மூலம் சேர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதை மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் பணக்காரங்களுக்குத்தானே? எங்களால எங்க போக முடியும்?

மாவட்ட மனநலத் திட்டத்தில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரும் இலவச மருந்தும் உண்டு. சென்னையில் 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவமனை எல்லாமே பொது மக்களுக்குத்தான். தனித்தனிக் கட்டடம் என்பதால் ஒருவர் சீட்டை இன்னொருவரிடம் கொண்டுபோகிற வேலை நம்முடையது. மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால், உடல்நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, முகவர் "அதெல்லாம் கிடையாது" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

ராத்திரி ரெண்டு மணிக்கு சாகப்போறேங்கறா. அந்த நேரத்துல பிராணாயாமம், மந்திரம் ஏதாவது உதவுமா? ஆஸ்பத்திரி போனா போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு வேற பயம்.

அந்த நேரத்தில் அது எதுவும் இல்லை. தனியாக விடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள், "அப்படியெல்லாம் பேசாதே" என்று அடக்காமல் பேச விடுங்கள். பூச்சிமருந்து, மொத்தமாக வாங்கி வைத்திருக்கிற மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். 14416 டெலிமனாஸ், அரசின் மனநல உதவி எண், இரவிலும் தமிழிலேயே பேசலாம். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டாள் என்றால் 108ஐக் கூப்பிடுங்கள், மோர், உப்புக்கரைசல் கொடுத்து நேரத்தைப் போக்காதீர்கள்.

போலீஸ் பயத்தால் தாமதிக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. முயற்சியையே குற்றமாக்கியிருந்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் விவரம் எழுதிக்கொள்வார்கள், போலீஸ்காரர் வந்து கேட்கலாம், நடந்ததைச் சொல்லுங்கள். அவள் சாப்பிடுகிற எல்லா மருந்துகளையும், சூரண டப்பா உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், அவசரப் பிரிவில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.